மாற்றுத்திறனாளி அரசு ஊழியரின் பாகுபாட்டுப் புகார் தள்ளுபடியானால்: மேல்முறையீடு செய்யும் முறை

"தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது. விதிகளில் இடமில்லாததால் ஏற்க இயலவில்லை." அலுவலகத்தின் குறைதீர்ப்பு அலுவலரிடம் பாகுபாட்டுப் புகார் கொடுத்தவர் கையில் கடைசியில் வந்து சேருவது பெரும்பாலும் இப்படி ஒரு இரண்டு வரிக் கடிதம்தான். கோபத்தில் அன்று இரவே ஆறு பக்கம் எழுதி, முதலமைச்சர் முதல் குடியரசுத் தலைவர் வரை நகல் போட்டு அனுப்பிவிடுவார்கள். அதனால் காரியம் நகராது, நாள்தான் போகும். எழுத உட்காரும் முன் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது: நீங்கள் எதிர்க்கப்போவது எந்த ஆணையை? அதை வைத்துத்தான் எங்கே போவது, எத்தனை நாளுக்குள் போவது, என்ன கேட்பது எல்லாம் முடிவாகும்.

இங்கே சொல்லப்படுவது மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-ன் கீழ் வரும் புகார்களைப் பற்றி. மத்திய, மாநில அரசுத் துறைகளோடு பொதுத்துறை நிறுவனங்கள், உள்ளாட்சி அமைப்புகள், அரசு உதவி பெறும் நிறுவனங்கள் ஆகியவையும் இந்தச் சட்டத்தில் "அரசு நிறுவனம்" என்ற வரையறைக்குள் வருகின்றன. பாலியல் துன்புறுத்தல் புகாருக்கு வழி வேறு. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18-ஆம் பிரிவின்படி, உள்ளகக் குழுவின் பரிந்துரை வந்த 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். சாதிப் பாகுபாட்டுக்கும் தனி ஆணையங்கள் உள்ளன. அவற்றை இதோடு கலக்க வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது

20-ஆம் பிரிவுதான் அடிப்படை. வேலை தொடர்பான எந்த விஷயத்திலும் அரசு நிறுவனம் மாற்றுத்திறனாளிக்குப் பாகுபாடு காட்டக் கூடாது. நியாயமான வசதி ஏற்பாடுகளை, அதாவது இருக்கை மாற்றம்போல் குறைபாட்டால் வரும் தடையை நீக்கும் மாற்றங்களை, செய்து தர வேண்டும். குறைபாட்டை மட்டும் காரணம் காட்டிப் பதவி உயர்வை மறுக்கக் கூடாது. பணியில் இருக்கும்போது குறைபாடு ஏற்பட்டால் வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. அதே சம்பள விகிதத்தில் வேறு பணியிடம் தர வேண்டும். பொருத்தமான இடம் இல்லையென்றால் கூடுதல் பணியிடம் உருவாக்கியாவது வைத்திருக்க வேண்டும்.

விபத்துக்குப் பிறகு "விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிடுங்கள், சுலபமாக முடிந்துவிடும்" என்று மேசைக்கு அந்தப் பக்கமிருந்து அன்பாகச் சொல்வார்கள். கையெழுத்துப் போடாதீர்கள். போட்ட பிறகு "கட்டாயப்படுத்தினார்கள்" என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டத்திலும் இதே பாதுகாப்பு இருந்தது. இயலாமை ஓய்வூதியம் கொடுத்துவிட்டதாலேயே அந்தப் பாதுகாப்பு போய்விடாது என்று குணால் சிங் வழக்கில் 2003-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

23-ஆம் பிரிவின்படி ஒவ்வொரு அரசு நிறுவனமும் ஒரு குறைதீர்ப்பு அலுவலரை நியமிக்க வேண்டும். அவர் புகார்ப் பதிவேடு வைத்திருக்க வேண்டும். பதிவான புகாரை இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். அவர் எடுத்த நடவடிக்கையில் திருப்தி இல்லையென்றால் மாவட்ட அளவிலான மாற்றுத்திறனாளிகள் குழுவை அணுகலாம். மாநில அரசு ஊழியர் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமும், மத்திய அரசு ஊழியர் தில்லியில் உள்ள தலைமை ஆணையரிடமும் போகலாம்.

ஒரே பிரச்சினை, மூன்று ஆணை

உதாரணத்துக்கு, காலில் பாதிப்புள்ள ஒரு உதவியாளரின் இருக்கை மூன்றாம் மாடியில் இருக்கிறது என்று வையுங்கள். லிப்ட் பாதி நாள் ஓடாது. தரைத்தளத்தில் இடம் கேட்டு எழுதுகிறார், மறுக்கிறார்கள். படியேறித் தாமதமாக வருவதால் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மை விழுகிறது. அதைக் காட்டி அந்த ஆண்டின் பணி மதிப்பீட்டு அறிக்கையில் மதிப்பெண் குறைகிறது. பிறகு அதே தாமதத்துக்கு சார்ஜ் மெமோ (குற்றச்சாட்டுக் குறிப்பாணை), அதன் முடிவில் ஒரு தண்டனை ஆணை.

அவருக்கு இது ஒரே அநியாயம். சட்டத்தின் கண்ணில் மூன்று தனித்தனி ஆணைகள், மூன்று தனித்தனி வழிகள்.

இருக்கை மறுப்புக்கு மேலே சொன்ன குறைதீர்ப்பு வழி. மதிப்பீட்டு அறிக்கை என்றால், மத்திய அரசில் அதன் நகல் கைக்கு வந்த 15 நாளுக்குள் ஆட்சேபம் கொடுக்க வேண்டும். மத்தியப் பணியாளர் பயிற்சித் துறையின் 14.05.2009 நாளிட்ட குறிப்பாணை அப்படிச் சொல்கிறது. தண்டனை ஆணைக்கு, மத்தியக் குடிமைப் பணிகள் வகைப்பாடு, கட்டுப்பாடு மற்றும் மேல்முறையீட்டு விதிகள் 1965-ன் 25-ஆம் விதிப்படி, ஆணையின் நகல் கிடைத்த நாளிலிருந்து 45 நாள். மாநில அரசு ஊழியர் தம் துறைக்குரிய ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளில் உள்ள கெடுவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தண்டனை ஆணையின் அடியில் அதைக் குறிப்பிட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

மூன்றையும் ஒரே மனுவில் திணித்தால் என்ன ஆகும்? குறைதீர்ப்பு அலுவலர் "தண்டனையில் தலையிட எனக்கு அதிகாரமில்லை" என்பார். மேல்முறையீட்டு அதிகாரி "இருக்கை ஒதுக்கீடு என் வேலை இல்லை" என்பார். இதற்குள் 15 நாளும் 45 நாளும் ஓடிப்போயிருக்கும். பாகுபாட்டுப் புகார்கள் தோற்பதற்கு இதுவே முதல் காரணம். ஒவ்வொரு ஆணைக்கும் தனி மனு எழுதுங்கள். மற்ற இரண்டையும் ஒவ்வொன்றிலும் ஒரே பத்தியில் பின்னணியாகச் சொல்லி, நகலை இணைத்தால் போதும்.

இடமாற்றத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். சுழற்சி முறை இடமாற்றத்திலிருந்து மாற்றுத்திறனாளிகளுக்கு விலக்களிக்கலாம், இயன்றவரை சொந்த ஊருக்கு அருகில் பணியிடம் தரலாம் என்று பணியாளர் பயிற்சித் துறையின் 31.03.2014 குறிப்பாணை சொல்கிறது. மத்திய அரசு ஊழியர் இதைக் கண்டிப்பாக மேற்கோள் காட்ட வேண்டும். ஆனால் மனு கொடுத்துவிட்டோம் என்று புதிய இடத்தில் சேராமல் இருந்துவிடக் கூடாது. மனு நிலுவையில் இருப்பது சேராமலிருக்கக் காரணமாகாது என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சேராத நாளெல்லாம் அனுமதியற்ற வருகையின்மை ஆகி, பாகுபாட்டு வழக்கு ஒழுங்கு வழக்காக மாறிவிடும். உடல்நிலையால் போகவே முடியாது என்றால் மருத்துவச் சான்றோடு முறையாக விடுப்பு எழுதிக் கொடுங்கள். இல்லையென்றால், "ஆட்சேபத்துக்கு உட்பட்டு" என்று எழுதிக் கொடுத்துச் சேர்ந்துவிட்டு, பிறகு வழக்காடுங்கள்.

ஆவணங்களைத் திரட்டும் வழி

கடிதம் வந்த உறையைத் தூக்கிப் போடாதீர்கள். மதிப்பீட்டு ஆட்சேபத்துக்கும் துறை மேல்முறையீட்டுக்கும் கெடு கைக்குக் கிடைத்த நாளிலிருந்துதான் ஓடுகிறது. அதற்குச் சாட்சி அந்த உறையின் அஞ்சல் முத்திரை. கடிதத்தை உங்களிடம் நேரில் கொடுத்தால் "பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி, தேதி போட்டு, அலுவலகப் பிரதியையும் உங்கள் பிரதியையும் ஒருசேரப் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து தகவல் அறியும் உரிமைச் சட்டம் (ஆர்டிஐ). கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். கேட்க வேண்டியவை இவை:

குறைதீர்ப்பு அலுவலரை நியமித்த ஆணையின் நகல். புகார்ப் பதிவேட்டில் உங்கள் புகார் பதிவான பக்கத்தின் நகல். உங்கள் மனு மீது எழுதப்பட்ட கோப்புக் குறிப்புகள் அனைத்தும். 21-ஆம் பிரிவின்படி நிறுவனம் வெளியிட்டிருக்க வேண்டிய சம வாய்ப்புக் கொள்கையின் நகல். நீங்கள் கேட்ட வசதி தொடர்பான பதிவுகள், உதாரணமாக லிப்ட் பராமரிப்புப் பதிவேடு, தரைத்தள இருக்கை ஒதுக்கீட்டுப் பட்டியல்.

முதல் இரண்டுக்கும் "அவ்வாறான ஆவணம் இல்லை" என்று பதில் வந்தால் மனம் தளர வேண்டாம். இருக்கிறது என்ற பதிலைவிட அது நல்லது. அலுவலரை நியமிக்கவே இல்லை, பதிவேடே இல்லை என்று அலுவலகமே எழுத்தில் ஒப்புக்கொண்டதாக ஆகும். கோப்புக் குறிப்புகளில்தான் உண்மைக் காரணம் கிடக்கும். கடிதத்தில் "நிர்வாகக் காரணம்" என்று இருக்கும், குறிப்பில் "இவருக்குக் கொடுத்தால் மற்றவர்களும் கேட்பார்கள்" என்று இருக்கும். கேள்வி வடிவில் கேட்காதீர்கள். "ஏன் மறுத்தீர்கள்?" என்றால் அது தகவல் அல்ல என்று தட்டிவிடுவார்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லி நகல் கேளுங்கள். தகவல் வரும்வரை மேல்முறையீட்டை நிறுத்தி வைக்கவும் வேண்டாம். கெடுவுக்குள் மனுவைக் கொடுத்துவிட்டு, "தகவல் கிடைத்ததும் கூடுதல் ஆவணங்களைத் தாக்கல் செய்கிறேன்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

பக்கத்து மேசைக் கோப்பை நைசாக செல்போனில் படமெடுத்து இணைக்கும் பழக்கம் ஆபத்து. மத்திய நடத்தை விதிகள் 1964-ன் 11-ஆம் விதி, அனுமதியின்றி அலுவல் தகவலை வெளியிடுவதைத் தடுக்கிறது. அதே காகிதம் ஆர்டிஐ வழியாக வந்தால் கேள்வியே இல்லை. 20-ஆம் விதியையும் நினைவில் வையுங்கள். எம்.பி., எம்.எல்.ஏ., கட்சிக்காரர் கடிதத்தோடு போனால் வெளியிலிருந்து அழுத்தம் கொடுத்ததாக உங்களிடமே விளக்கம் கேட்கலாம். உதவுகிறேன் என்று வருபவர்களில் பாதிப்பேர் முதலில் சொல்வது இந்த வழியைத்தான்.

மத்திய அரசின் பொதுமக்கள் குறைதீர் இணையதளத்தில் போடுவதும் வீண். ஊழியர்களின் பணி தொடர்பான குறைகளை, துறைக்குள் உள்ள வழிகளை முடிக்காதவரை, அங்கே எடுத்துக்கொள்வதில்லை.

மனுவை எழுதுவது

மேல்முறையீட்டு மனு உங்கள் துன்பத்தின் வரலாறு அல்ல. மறுப்புக் கடிதத்தில் உள்ள ஒவ்வொரு காரணத்துக்கும் வரிசையாகச் சொல்லும் பதில். படிக்கும் அதிகாரியின் முன்னால் ஒரே கேள்விதான் இருக்கும்: கீழே இருப்பவர் போட்ட ஆணையில் என்ன பிழை? அதற்கு முதல் பக்கத்திலேயே விடை இருந்தால் மனு படிக்கப்படும்.

திரும்பத் திரும்ப வரும் மறுப்புக் காரணங்கள் நான்கைந்துதான்.

"சான்றிதழில் 40 சதவீதம் இல்லை." இட ஒதுக்கீட்டுக்குத்தான் 40 சதவீத வரம்பு. 34-ஆம் பிரிவில் உள்ள 4 சதவீத இட ஒதுக்கீடு அந்த வரம்புள்ளவர்களுக்கானது. ஆனால் 20-ஆம் பிரிவு "மாற்றுத்திறனாளி" என்று மட்டுமே சொல்கிறது, சதவீதம் கேட்கவில்லை. எழுதும்போது கை இறுகி இழுத்துக்கொள்ளும் பாதிப்புள்ள விகாஷ் குமார் என்ற தேர்வர் யு.பி.எஸ்.சி. மீது தொடர்ந்த வழக்கில், நியாயமான வசதி பெற 40 சதவீதம் தேவையில்லை என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அலுவலகங்களில் இன்றும் அதிகம் செய்யப்படும் தவறு இது. மறுப்புக் கடிதத்தில் இந்தக் காரணம் இருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது.

"பாகுபாடு காட்டும் எண்ணம் யாருக்கும் இல்லை." எண்ணம் தேவையில்லை. 2-ஆம் பிரிவின் வரையறையில் நோக்கம் என்பதோடு விளைவும் சேர்ந்தே இருக்கிறது. நியாயமான வசதியை மறுப்பதே பாகுபாடு என்றும் அதே வரையறை சொல்கிறது. எனவே மேலதிகாரி நல்லவரா கெட்டவரா என்று நிரூபிக்க முயலாதீர்கள். அந்தச் சண்டையில் சாட்சி சொல்ல யாரும் வரமாட்டார்கள். அது உங்கள் வழக்குக்கு வேண்டியதும் இல்லை.

"நிர்வாகக் காரணங்களால் இயலாது." அளவுக்கு மீறிய சுமை என்றால் மறுக்கலாம் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் அது என்ன சுமை, எவ்வளவு செலவு, வேறு வழி பார்த்தார்களா என்று ஆணையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த இல்லாமையையே சுட்டிக்காட்டுங்கள்.

"எல்லோருக்கும் ஒரே விதிதான்." எல்லோருக்கும் காலை பத்து மணி என்பது சரி. படியேற முடியாதவருக்கும் அதே பத்து மணி, லிப்ட் இல்லாத மூன்றாம் மாடி என்றால் விளைவு ஒன்றாக இருக்காது. 2021-இல் ரவீந்தர் குமார் தாரிவால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த மறைமுகப் பாகுபாட்டைத்தான் பேசியது. மனநலப் பாதிப்பு ஒருவரைப் பணியிட விதிகளைப் பின்பற்றும் திறனில் குறைந்த இடத்தில் நிறுத்துகிறது, அப்படிப்பட்டவர்மீது எடுக்கும் ஒழுங்கு நடவடிக்கை மறைமுகப் பாகுபாட்டின் ஓர் அம்சம் என்றது. குறைபாட்டோடு தொடர்புள்ள நடத்தைக்கு சார்ஜ் மெமோ வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும்.

காரணமே சொல்லாத கடிதம் வந்தால், காரணம் சொல்லவில்லை என்பதையே முதல் காரணமாக எழுதுங்கள். நேரில் கேட்கவில்லை, இரண்டு வாரத்துக்குள் விசாரிக்கவில்லை என்பவையும் அப்படியே.

ஒரு காரணத்தை எழுதும் விதம் இப்படி இருக்கலாம்:

"காரணம் 2. 18.06.2025 நாளிட்ட கடிதத்தின் பத்தி 3, தரைத்தளத்தில் காலி இருக்கை இல்லை என்கிறது. தரைத்தளத் தபால் பிரிவில் இரண்டு இருக்கைகள் 01.04.2025 முதல் பயன்பாட்டில் இல்லை என்று இணைப்பு 4-இல் உள்ள தகவல் உரிமைப் பதில் காட்டுகிறது. அவற்றில் ஒன்றை எனக்கு ஒதுக்குவதால் அலுவலகத்துக்கு ஏற்படும் சுமை எதுவும் கடிதத்தில் சொல்லப்படவில்லை. ஆகவே சட்டத்தின் 20(2) பிரிவுப்படி அளிக்க வேண்டிய வசதி காரணமின்றி மறுக்கப்பட்டுள்ளது."

நான்கு வாக்கியம்: அவர்கள் சொன்னது, ஆவணம் காட்டுவது, அவர்கள் சொல்லாதது, மீறப்பட்ட பிரிவு. "மிகுந்த மன உளைச்சலுடன்" எதுவும் இல்லை. மேலே சொன்ன 1965-ஆம் ஆண்டு மத்திய மேல்முறையீட்டு விதிகளின் 26-ஆம் விதியும் இதைத்தான் எதிர்பார்க்கிறது. மேல்முறையீடு ஊழியரின் சொந்தப் பெயரில் இருக்க வேண்டும், வேண்டிய தகவல்களும் வாதங்களும் அதற்குள்ளேயே முழுமையாக இருக்க வேண்டும், மரியாதைக் குறைவான சொற்கள் இருக்கக் கூடாது. பத்துப்பேர் சேர்ந்து ஒரே தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது இங்கே உதவாது. ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கொடுங்கள்.

நிவாரணத்தில்தான் நல்ல மனுக்களும் சறுக்குகின்றன. "தகுந்த நீதி வழங்குமாறு" என்று முடித்தால் "பரிசீலிக்கப்பட்டது" என்று பதில் வரும். எண் போட்டுக் கேளுங்கள்: இன்ன தேதியிட்ட ஆணையை ரத்து செய்ய வேண்டும். இன்ன பிரிவில் தரைத்தளத்தில் இருக்கை ஒதுக்க வேண்டும். லிப்ட் ஓடாத நாட்களின் தாமதத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது. அந்தத் தாமதத்துக்காகக் கழித்த தற்செயல் விடுப்பைத் திரும்பச் சேர்க்க வேண்டும். நேரில் விளக்கம் சொல்ல எனக்கு வாய்ப்புத் தர வேண்டும்.

பக்க எண் போட்டு, இணைப்புகளுக்கு எண் கொடுத்து, முன்னால் ஒரு தேதிவாரிப் பட்டியல் வையுங்கள். மனு ஐந்து பக்கத்துக்கு மேல் போனால் எதையோ இரண்டு முறை சொல்கிறீர்கள். துறை மேல்முறையீட்டை யாருக்குப் போக வேண்டுமோ அவர் பெயருக்கு எழுதி, ஆணை போட்டவருக்கு நகல் கொடுங்கள். முறையான வழியில் (மேலதிகாரி மூலமாக) ஒரு பிரதி, முன்நகலாக நேரடியாக ஒரு பிரதி. தபால் பிரிவில் முத்திரை போட மறுத்தால் வாக்குவாதம் செய்யாமல் அன்றே விரைவு அஞ்சலில் அனுப்பி, சேர்ந்ததைக் காட்டும் இணையப் பக்கத்தை அச்செடுத்து வையுங்கள். கொஞ்ச நாளில் அந்தப் பக்கம் இணையத்தில் கிடைக்காமல் போகலாம்.

மாவட்டக் குழு, ஆணையர்

மாவட்ட அளவிலான குழுவுக்கு எழுதுபவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்து மனுவைக் கொடுக்கலாம். மத்திய அரசு அலுவலகம் என்றால் மாவட்டக் குழுவின் சொல்லுக்கு அங்கே பெரிய அசைவு இருக்காது என்பது நடைமுறை. தலைமை ஆணையரிடம் போவதே பயனுள்ளது.

ஆணையரிடம் கொடுக்கும் புகாரில் உங்கள் பெயர், முகவரி, எதிர்த்தரப்பின் பெயர், முகவரி, நடந்தவை, ஆவணங்கள், கேட்கும் நிவாரணம் இருந்தால் போதும். நீதிமன்றக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. எதிர்த்தரப்பின் பதில் வந்ததும் அதன் நகல் உங்களுக்கு வரும். அதற்கு நீங்கள் எழுதும் மறுமொழிதான் இந்தக் கட்டத்தில் முக்கியமான தாள். புகாரோடு வேலை முடிந்தது என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். மறுக்கப்படாத பதில், ஒப்புக்கொண்ட பதில்போல ஆகிவிடும்.

ஆணையரிடமிருந்து எதை எதிர்பார்க்கலாம் என்பதில் தெளிவு வேண்டும். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. ஆனால் முடிவில் அவர் தருவது பரிந்துரை. 76-ஆம் பிரிவின்படி, பரிந்துரை கிடைத்த மூன்று மாதத்துக்குள் நிறுவனம் எடுத்த நடவடிக்கையைத் தெரிவிக்க வேண்டும். ஏற்கவில்லையென்றால் அதே மூன்று மாதத்துக்குள் காரணத்தை ஆணையருக்கும் உங்களுக்கும் சொல்ல வேண்டும். மாநில ஆணையர் விஷயத்தில் 81-ஆம் பிரிவு இதையே சொல்கிறது. ஓய்வு, இடமாற்றம் போன்றவற்றுக்கு இடைக்காலத் தடை வாங்க ஆணையரிடம் போகக் கூடாது. பழைய சட்டத்தின் கீழ் அப்படிப்பட்ட அதிகாரம் தலைமை ஆணையருக்கு இல்லை என்று வினேஷ் குமார் பாசின் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தடை வேண்டுமென்றால் தீர்ப்பாயமோ உயர் நீதிமன்றமோதான்.

தீர்ப்பாயம், உயர் நீதிமன்றம்

மத்திய அரசு ஊழியருக்கு மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம். தமிழ்நாடு, புதுச்சேரிக்குச் சென்னை அமர்வு. தமிழ்நாடு அரசு ஊழியருக்கு முன்பு இருந்த மாநிலத் தீர்ப்பாயம் 2006-இல் மூடப்பட்டதால், சென்னையிலோ மதுரைக் கிளையிலோ உயர் நீதிமன்ற ரிட் மனுதான் வழி. பொதுத்துறை வங்கி ஊழியர்களுக்கும் உயர் நீதிமன்றமே.

தீர்ப்பாயத்தின் கெடு பலரையும் குழப்புகிறது. 1985-ஆம் ஆண்டு நிர்வாகத் தீர்ப்பாயங்கள் சட்டத்தின் 20, 21 பிரிவுகள் சொல்வது இது: துறைக்குள் உள்ள வழியை முடித்திருக்க வேண்டும். இறுதி ஆணை போடப்பட்டிருந்தால் அந்த ஆணையின் நாளிலிருந்து ஒரு வருடம். மனு கொடுத்து ஆறு மாதமாகியும் பதிலில்லை என்றால், அந்த ஆறு மாதம் முடிந்ததிலிருந்து ஒரு வருடம். 10.01.2025-இல் மனு கொடுத்துப் பதிலே வராதவருக்கு 10.07.2025-லிருந்து ஓராண்டு. 05.04.2025-இல் மறுப்பு ஆணை போடப்பட்டிருந்தால் அந்த நாளிலிருந்தே ஓராண்டு. தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம், ஆனால் அதற்கு நாள் கணக்கில் காரணம் சொல்ல வேண்டும்.

நினைவூட்டல் மனுக்கள் இந்தக் கடிகாரத்தை நிறுத்தாது. எஸ்.எஸ். ராத்தோர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டிலிருந்து போன சி. ஜேக்கப் வழக்கிலும், செத்துப்போன கோரிக்கைக்குப் புதிய மனு உயிர் கொடுக்காது என்று 2008-இல் சொன்னது. ஆணையரிடம் புகார் நிலுவையில் இருப்பதை நம்பியும் இந்த ஓராண்டை விட்டுவிடாதீர்கள். குறைதீர்ப்பு அலுவலரிடம் புகார் கொடுக்கும்போதே, உரிய அதிகாரிக்கு முறையான வழியில் தனியாக ஒரு மனுவும் கொடுத்துவையுங்கள். துறைக்குள் வழியை முடிக்கவில்லை என்ற ஆட்சேபத்துக்கு அது பதிலாகும். மாதாமாதம் சம்பளம் குறைவாக வருவதுபோல் தொடரும் பாதிப்பு என்றால் தாமதம் வழக்கையே கொல்லாது. ஆனால் உச்ச நீதிமன்றத்தின் தர்செம் சிங் வழக்கின்படி நிலுவைத் தொகை வழக்குக்கு முந்தைய மூன்று ஆண்டுக்கே பொதுவாகக் கிடைக்கும்.

தீர்ப்பாயத்துக்கான மனு படிவம் 1-இல், மூன்று பிரதி, எதிர்மனுதாரர் ஒவ்வொருவருக்கும் கூடுதல் பிரதி. கட்டணம் 50 ரூபாய். எதிர்க்கும் ஆணையோடு சேர்ந்த மனு ஒரு தொகுப்பு, மற்ற இணைப்புகள் இன்னொரு தொகுப்பு. படிவத்தில் கெடு, முடித்த துறை வழிகள், வேறு எங்கும் வழக்கு நிலுவையில் இல்லை என்ற உறுதிமொழி, நிவாரணம், இடைக்கால நிவாரணம் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பத்திகள் உண்டு. ஆணையரிடம் புகார் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். நீங்களே வாதாடலாம். ஆனாலும் இடைக்காலத் தடை கேட்கும் வழக்கில் பணி விவகாரம் தெரிந்த வக்கீல் இருப்பது நல்லது. பணமில்லை என்று விட வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 1987-ன் 12-ஆம் பிரிவின்படி மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. அரசுச் சம்பளம் வாங்குவது அதற்குத் தடையில்லை.

தீர்ப்பாயத்தில் தோற்றால் அடுத்தது உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு. உச்ச நீதிமன்றத்தின் 1997-ஆம் ஆண்டு சந்திரகுமார் தீர்ப்புக்குப் பிறகு நேரடியாக உச்ச நீதிமன்றம் போகும் வழி இல்லை.

வெல்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. "மனுதாரரின் கோரிக்கையை எட்டு வாரத்துக்குள் பரிசீலிக்க வேண்டும்" என்று மட்டும் ஆணை வந்தால் அது வெற்றி அல்ல. பரிசீலித்து மறுபடியும் மறுக்கலாம், அந்த மறுப்பை எதிர்த்து மீண்டும் முதலிலிருந்து வர வேண்டியிருக்கும். வாதத்தின்போதே, காரணத்தோடு கூடிய ஆணை வேண்டும், 20-ஆம் பிரிவை வைத்துப் பரிசீலிக்க வேண்டும், அதுவரை இப்போதைய நிலை தொடர வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். திட்டவட்டமான ஆணை வந்தும் அலுவலகம் அசையவில்லையென்றால், சான்றிட்ட நகலை ஒரு கடிதத்தோடு சேர்த்துச் செயல்படுத்தக் கேளுங்கள். கொடுத்த அவகாசம் முடிந்த நாளைக் குறித்துவையுங்கள். நீதிமன்ற அவமதிப்பு மனுவுக்கு அந்த நாளிலிருந்து ஒரு வருடம்தான்.